மண்மேட்டில் ஒரு மலைச்செடி: விராலி வளர்க்கும் முறை

நெய்வேலிக்கு இயற்கை தந்த மலை ஒன்றும் இல்லை; தொலைவிலிருந்து வருவோர் கண்ணுக்குக் குன்றுகள்போலத் தோன்றுபவை யாவும் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுகளே. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் நீர் வேண்டித் துளையிட்டபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டதும், அது பழுப்பு நிலக்கரியென்று தெளிந்து 1956இல் அதை வெட்டியெடுக்கும் நிறுவனம் தோன்றியதும், அடுத்த ஆண்டு மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும், 1961 ஆகஸ்டில் கரிப்படுகை முதன்முதலாக வெளிச்சம் கண்டதும் இவ்வூர்ப் பிள்ளைகள் அறிந்த சரித்திரம். அந்தக் கரியை அடைவதற்காக அதன்மேல் ஐம்பது மீட்டருக்கும் அதிகமாகப் படிந்திருந்த மண்ணைப் பெயர்த்தெடுத்தபோது, யுகயுகமாக அடியில் கிடந்த உயிரற்ற களியும் மணற்கல்லும் மேலே வந்து, புல்லும் புழுவும் வாழ்ந்த மேல்மண் அடியில் புதைந்துபோயிற்று என்பதைத்தான், செடி வளர்க்க விரும்பும் நாம் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட மண்ணில் எடுத்த எடுப்பிலேயே மாவும் வேம்பும் வைத்துவிட்டு, அவை பட்டுப்போனதும் மண்ணை நிந்திப்பது நியாயமன்று. காய்ந்த மலைச்சரிவிலே, பாறை இடுக்கிலே, யாரும் நீர் வார்க்காமல் பிழைத்துப் பழகிய ஒரு புதரை முதலில் குடியேற்றி, அதன் நிழலிலும் உதிர்சருகிலும் மற்றவற்றை வளர்ப்பதே முறை. அந்தப் புதர் விராலி. நகரியத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர், மந்தாரக்குப்பம், வடக்குத்து போன்ற இடங்களில் மேட்டு மண் கொட்டி உயர்த்திய மனை வாங்கியிருப்போர், முந்திரித் தோப்பின் ஓரத்தில் உயிர்வேலி வேண்டுவோர், பள்ளிக்கூட மைதானத்தின் வெறும் மூலையைப் பசுமையாக்க நினைக்கும் ஆசிரியர் ஆகியோருக்காகவே இந்த அத்தியாயம்.

விராலியின் சுபாவம்

ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று அதிகமாக, அடியிலிருந்தே பல கிளைகள் விட்டு வளர்வது விராலி. இலை நீண்டு ஒடுங்கியிருக்கும்; தொட்டால் விரலில் பிசின் ஒட்டும். இந்தப் பிசினைக் கருதித்தான் தாவர நூலார் ‘விஸ்கோசா’ என்ற அடைமொழியைக் கொடுத்தார்கள். ‘டோடோனியா’ என்னும் முதற்பெயர் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த டோடோன்ஸ் என்ற மருத்துவரின் நினைவாக வந்தது. கல்வராயன் மலை, செஞ்சிக் குன்றுகள், சிறுமலை என நம் நாட்டு வறண்ட மலைகளிலெல்லாம் இது உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்கு அந்தப் பெயர் வந்ததே இச்செடியால்தான் என்பது மக்கள் வழக்கு. முருகன் கோயில் கொண்ட அந்தக் குன்றில் மயில்கள் மிகுந்திருப்பதையும் யாவரும் அறிவர். ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர் இதன் காயை பீர் காய்ச்சுவதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதிலிருந்து, எத்தனை தூரம் பரந்து வாழும் செடி இது என்பது விளங்கும்.

இலையின் பிசின் நீர் ஆவியாகிப் போவதைக் குறைக்கிறது. ஆடும் மாடும் இதை விரும்பி மேய்வதில்லை. வேலியற்ற நிலத்தில் கன்று வைத்துக் காப்பாற்ற முடியாமல் தவிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது குணம் முதலாவதைவிடப் பெரிய வரம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு செய்தியைத் தொடக்கத்திலேயே கவனித்துக்கொள்ளுங்கள். விராலியில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு; காற்றே மகரந்தத்தைக் கொண்டு செல்லும். ஒரே செடியிலிருந்து கிளை ஒடித்துப் பதியம் போட்டு வேலி முழுவதும் நட்டால் எல்லாம் ஒரே பாலாக அமைந்து, விதையே இல்லாமல் போய்விடலாம். ஆகையால் பல செடிகளிலிருந்து எடுத்த விதையைக் கொண்டு வளர்ப்பதே சிறந்தது.

எந்த உயிர்களுக்கு எது கிடைக்கும்

விராலியை நட்ட மறுநாளே பறவைகள் பழம் தின்ன வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதில் சதைப்பற்றுள்ள பழம் இல்லை; இறக்கை வைத்த, காகிதம்போல் மெல்லிய காய்தான் உண்டு. இச்செடி கொடுப்பது முதன்மையாக மறைவிடம். அடியிலிருந்து அடர்ந்த புதராதலால் கௌதாரியும் காடையும் அதன் அடியில் பதுங்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும். ஓணான் வெயில் காயும். கீரி குறுக்கே ஓடும்போது பருந்தின் பார்வையிலிருந்து தப்பும்.

உணவும் ஓரளவு உண்டு. ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழு விராலி இலையையும் தின்னும். மழைக்குப் பின் சில ஆண்டுகளில் இலைகள் ஓட்டை விழுந்து அலங்கோலமாகத் தெரிவதைக் கண்டு பலர் மருந்து தெளிக்க ஓடுகிறார்கள். செய்யாதீர்கள். குஞ்சு பொரித்த குருவிகளுக்கு அந்தப் புழுவே ஆகாரம். பழம் உண்ணும் பறவைகள்கூடத் தம் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டுகின்றன. இலை இழந்த விராலி அடுத்த தளிரில் தேறிக்கொள்ளும்.

பழம் வேண்டுமென்றால் அதற்கான செடிகளை இடையிடையே சேர்க்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

விதை சேகரித்தல்

1. மழைக்காலம் முடிந்து காய்கள் முற்றும் பருவத்தில் செடிகளைப் பார்த்து வையுங்கள். பச்சையாகவும் இளஞ்சிவப்பாகவும் இருந்த இறக்கைகள் வைக்கோல் நிறமாகி, கையில் எடுத்தால் சரசரவென்று ஒலிக்கும்போது பறிக்கலாம்.

2. குறைந்தது பத்துச் செடிகளிலிருந்தாவது கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு செடியையும் மொட்டையடிக்க வேண்டாம். அந்த விதை அங்கேயும் முளைக்க வேண்டியது.

3. காய்களை நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்தி, சாக்கில் போட்டுக் கசக்கி, முறத்தில் புடையுங்கள். இறக்கை பறந்துவிடும், கறுத்துத் தட்டையான சிறு விதை தங்கும்.

4. துணிப்பையில் கட்டி, தேதியும் இடமும் எழுதிய சீட்டு ஒன்றை உள்ளே வைத்து, ஈரம் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

ஜாக்கிரதை: காப்புக் காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றி விதையோ கன்றோ எடுப்பது சட்டப்படி குற்றம். ஊர்ப்புறத்து வேலிகளிலும் தோட்ட ஓரங்களிலும் உரியவரிடம் கேட்டு எடுத்தாலே நமது தேவைக்குப் போதும். வேரோடு கன்றைப் பிடுங்கி வருவது எவ்விடத்திலும் வேண்டாம். ஆழமாக ஓடிய வேர் அறுந்து, பத்தில் ஒன்றுகூடப் பிழைப்பது அரிது.

வெந்நீர்ப் பக்குவம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நிதானமாக இருமுறை படிக்க வேண்டுமென்றால் அது இதுதான். விராலி விதையின் தோல் நீர் புகாதபடி இறுகியது. மலையில் வெயிலும் நெருப்பும் காலமும் சேர்ந்து அதைத் தளர்த்துகின்றன. நாற்றங்காலில் அந்த வேலையை நாம் செய்து கொடுக்க வேண்டும். நான் முதல் ஆண்டில் நாற்பது பைகளில் விதையை அப்படியே ஊன்றி, இரண்டு மாதம் நீர் ஊற்றி, இரண்டே கன்றுகளைக் கண்டேன். விதை கெட்டது என்று முடிவுகட்டிப் பையிலிருந்த மண்ணை வேலியோரம் கொட்டிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குவியலிலிருந்து பதினொரு விராலிகள் எழுந்து நின்றபோதுதான், பிழை விதையிடம் இல்லை, என் அவசரத்தில் இருந்தது என்று தெரிந்தது.

1. விதையை ஒரு மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் வையுங்கள்.

2. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, குமிழி அடங்கியதும் விதையின் மேல் ஊற்றுங்கள். விதையின் அளவைப்போல் ஐந்து மடங்கு நீர் இருக்கட்டும். விதையை அடுப்பில் வைத்து வேகவைத்துவிடாதீர்கள், கருவும் வெந்துவிடும்.

3. அப்படியே ஆறவிட்டு, ஓர் இரவு முழுதும் ஊறட்டும்.

4. மறுநாள் காலையில் துணியைப் பிரித்துப் பாருங்கள். நீர் குடித்த விதைகள் பருத்து, நகத்தால் அழுத்தினால் இளகும். அவற்றை அன்றே விதையுங்கள், உலரவிட்டால் வீணாகிவிடும்.

5. இறுகியே கிடப்பவற்றைத் தனியே எடுத்து, மீண்டும் ஒருமுறை வெந்நீர் வார்க்கலாம்; அல்லது இரண்டு உப்புத்தாள்களுக்கு இடையே வைத்து மெதுவாகத் தேய்த்து, மேல்தோலில் கீறல் விழுந்ததும் ஊறப்போடலாம்.

குறிப்பு: மிதக்கும் விதையெல்லாம் பதர் என்று எடுத்தவுடன் எறிந்துவிடாதீர்கள். இறுகிய தோலுள்ள நல்ல விதையும் ஊறுவதற்கு முன் மிதக்கக்கூடும். ஊறிய பிறகும் மிதந்து, நசுக்கினால் உள்ளே வெறுமையாக இருப்பதே பதர்.

கொதிநீரைக் கையாளும் இந்த வேலையைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கூடங்களில் செய்யும்போது ஆசிரியரே ஊற்றட்டும். பிள்ளைகள் மறுநாள் விதையைப் பொறுக்கிப் பிரிக்கட்டும். அந்த வேலையில் அவர்களுக்கு இருக்கும் கூர்மை பெரியவர்களுக்கு வராது.

நாற்றுப் பருவம்

நமக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அந்த மழையின் தொடக்கத்தில் நான்கைந்து மாதக் கன்று கையில் இருக்க வேண்டுமானால் வைகாசிக் கடைசியிலோ ஆனி முதலிலோ விதைத்துவிட வேண்டும்.

1. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். வளர்ந்த விராலியின் அடிமண் ஒரு கைப்பிடி கிடைத்தால் அதையும் சேருங்கள். வேரோடு உறவுகொண்டு உணவு தேடித் தரும் நுண்ணிய பூசணங்கள் அதனோடு வந்து சேரும்.

2. ஒரு சாண் உயரமுள்ள நாற்றுப்பைகளைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தைவிட உயரமே முக்கியம், ஏனெனில் இது முதலில் வேரைக் கீழே இறக்கும் செடி. அடியில் நீர் வடியத் துளைகள் இருக்கட்டும்.

3. பைக்கு இரண்டு விதை வீதம், அரை அங்குலத்துக்கும் குறைந்த ஆழத்தில் வைத்து, மணல் தூவி, பூவாளியால் நீர் தெளியுங்கள்.

4. இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும். நான்கு இலை வந்ததும் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அசையும்.

5. மாதம் ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கி, நடும்போது அறுந்துபோகும்.

6. நடுவதற்கு ஒரு மாதம் முன்பு நிழலை விலக்கி முழு வெயிலில் வைத்து, நாள்தோறும் ஊற்றிய நீரை ஒருநாள் விட்டு ஒருநாளாக்குங்கள். செல்லமாக வளர்த்த கன்றைக் கொண்டுபோய் மண்மேட்டில் வைப்பது, பாலும் சோறும் ஊட்டிய குழந்தையை நடுவெயிலில் பாதம் வெறுமையாக நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

இங்கே சாதாரணமாக நேரும் பிழை அன்பின் மிகுதியால் வருவது. நாற்றுப்பையில் எப்போதும் ஈரம் சொதசொதவென்று இருந்தால் கழுத்து அழுகி, கன்று ஒரே இரவில் சாய்ந்துவிடும். மேல்மண் விரல்நுனி ஆழம் காய்ந்த பிறகே அடுத்த நீர்.

இடம் பார்த்தல்

விராலி வறட்சியைத் தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. மேட்டு மண்ணில் களி மிகுந்த இடங்கள் வெயிலில் பாறைபோல இறுகி, மழையில் கிண்ணம்போல நீரை ஏந்திக்கொள்ளும். ஆகவே குழி தோண்டியதும் ஒரு வாளி நீர் ஊற்றி மூடிவைத்து, மறுநாள் காலையில் பாருங்கள். நீர் முற்றும் இறங்கியிருந்தால் நடலாம். பாதி நின்றால் அந்த இடத்தில் குழிக்குப் பதிலாக ஒரு முழ உயரம் மண் அணைத்து, மேட்டின் மேல் நடுங்கள். முழுதும் நின்றால் வேறு இடம் தேடுங்கள்.

சரிவான நிலமானால் செடிக்கு முன்னால் வரப்பு வேண்டும். புதுச்சேரிக்கு அருகில், 1968இல் தோன்றிய ஆரோவில்லில், மழைநீர் மண்ணை அரித்துச் சென்று வெறும் செம்பாறையாகக் கிடந்த நிலத்தைக் காடாக்கப் புகுந்தவர்கள், நீர் ஓடிப்போகாமல் மண்ணை வரப்புகளால் தடுப்பதையே ஆதார வேலையாகக் கொண்டார்கள். நாமும் அந்தப் பாடத்தைப் பின்பற்றலாம்.

1. சரிவின் குறுக்கே ஒரே மட்டமான கோட்டைக் குறியுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தால் இருவர் சேர்ந்து இதை எளிதில் செய்யலாம். கண்ணளவை நம்ப வேண்டாம். சிறிது சாய்ந்தாலும் நீர் முழுதும் ஒரு மூலையில் திரண்டு வரப்பை உடைத்துவிடும்.

2. ஒவ்வொரு கன்றுக்கும் பிறைவடிவில் ஒரு சாண் உயர வரப்பு போடுங்கள். பிறையின் வாய் மேட்டை நோக்கியும் முதுகு பள்ளத்தை நோக்கியும் இருக்கட்டும்.

3. குழி வரப்பின் உட்புறத்தில், ஆனால் நீர் நிற்கும் அடித்தாழ்வில் இல்லாமல் சற்றே மேலே அமையட்டும்.

4. ஏற்கெனவே ஓடைபோல் அரித்திருக்கும் இடத்தில் கன்று வைக்காதீர்கள். அங்கே கல்லை அடுக்கி நீரின் வேகத்தை மட்டும் குறையுங்கள்.

5. முதல் மழைக்கே கொழிஞ்சி விதையை நிலமெங்கும் தூவிவிடுங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்க்கும் இந்தப் பழைய பசுந்தாள் செடி, மேல்மண்ணே இல்லாத நிலத்துக்கு முதல் மேல்மண்ணை உண்டாக்கிக் கொடுக்கும்.

ஜாக்கிரதை: சுரங்க எல்லைக்குள் இருக்கும் மண்மேடுகளில் அனுமதியின்றி ஏறுவதோ நடுவதோ கூடாது. புதிதாகக் கொட்டிய மண் உள்ளே இறுகாமல் இருப்பதால், மழை பெய்தபின் காலடியிலேயே சரியக்கூடும். நிறுவனம் நடத்தும் மரநடு விழாக்களிலோ, உரிய அதிகாரியின் ஒப்புதல் பெற்ற குழுவோடோ மட்டுமே அங்கே செல்லுங்கள். உங்கள் மனையில் கொட்டிய மண்ணிலும் பழுப்பு நிலக்கரித் துண்டுகள் கலந்திருந்தால் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். குவியலாகச் சேர்ந்து காய்ந்த கரி தானாகவே சூடேறிப் புகையும் இயல்புடையது. அந்த மண்ணின்மேல் சருகைக் கொளுத்துவதும் ஆபத்து.

நடவு

புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசியில், மண் ஒரு முழ ஆழம் நனையும்படி இரண்டு மழை பெய்தபின் நடுங்கள். முதல் தூறலைக் கண்டு நட்டவர்கள் அடுத்த பத்து நாள் வெயிலில் கன்றை இழந்திருக்கிறார்கள். கார்த்திகைப் புயல்மழை கொட்டும்போது நட்டவர்கள் கன்று மிதந்து போவதைப் பார்த்திருக்கிறார்கள்.

1. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி எடுங்கள். அடியைக் கடப்பாரையால் குத்தித் தளர்த்துங்கள். குழியின் சுவர் மண்வெட்டி பட்டு வழுவழுப்பாக இருந்தால் கீறிவிடுங்கள். வேர் அதைத் துளைக்க முடியாமல் பானைக்குள் சுற்றுவதுபோல் சுற்றும்.

2. எடுத்த மண்ணோடு இரண்டு கூடை மக்கிய உரம் கலந்து நிரப்புங்கள். யூரியா முதலிய ரசாயன உரம் வேண்டாம்; தழை கொழுத்து, வேர் சோம்பும்.

3. பையை அடியிலும் பக்கத்திலும் கத்தியால் கீறி முழுவதும் அகற்றுங்கள். சுருண்ட வேர்நுனி இருந்தால் கத்தரியுங்கள். பையோடு நட்டுவிட்டு, ‘அது மக்கிவிடும்’ என்று நம்புகிறவர்களை இன்றும் காண்கிறேன். பாலித்தீன் மக்காது, கன்றுதான் மக்கும்.

4. பையில் இருந்த மண்மட்டமே நிலத்தின் மட்டமாக இருக்கும்படி வைத்து, காலால் மிதிக்காமல் கையால் அழுத்துங்கள்.

5. சுற்றிலும் சருகு அல்லது வைக்கோல் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

உயிர்வேலியாக நடுவதானால் கன்றுக்குக் கன்று இரண்டடி இருக்கட்டும். பறவை விலங்குகளுக்காக நடுவதானால் நேர்வரிசையை விட்டு, ஐந்தடி இடைவெளியில் ஏழெட்டுச் செடிகளைக் கூட்டமாக வைத்து, கூட்டங்களுக்கிடையே திறந்த புல்வெளி விடுங்கள். கௌதாரி மேய்வது வெட்டவெளியில், ஒளிவது புதரில். இரண்டும் அருகருகே இருக்க வேண்டும்.

உயர்ந்த மரம் மட்டுமே வைத்த தோப்பு ஒரே இரவில் என்னாகும் என்பதை 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டம் முழுவதற்கும் காட்டிச் சென்றது. பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்து கிடந்த அந்தக் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். தாழ்ந்து படர்ந்த புதருக்குக் காற்றின் பகை குறைவு என்பதால், எவ்வளவு சிறிய தோட்டமானாலும் ஒரு பகுதியைப் புதருக்கென்று ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதற்கோடை

தை மாதம் மழை ஓய்ந்தபின் வாரத்துக்கு ஒரு குடம். மாசி, பங்குனியில் பத்து நாளுக்கு ஒரு குடம். அக்கினி நட்சத்திரம் நடக்கும் நாட்களில் மீண்டும் வாரத்துக்கு ஒரு குடம். இதுதான் முதலாண்டுக் கணக்கு. குடத்து நீரை ஒரே இடத்தில் மெதுவாக ஊற்றி ஆழமாக இறங்கச் செய்யுங்கள். நாள்தோறும் ஒரு செம்பு தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது செடி இருக்காது. மாலை நேரமே நல்லது. இரண்டாம் கோடையில் மாதம் ஒருமுறை போதும். மூன்றாம் ஆண்டு முதல் நீர் வார்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

நடுப்பகலில் இலை சற்றே தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். காலையிலும் தொங்கியிருந்தால்தான் நீர்க்குறை.

கூட்டாளிச் செடிகள்

விராலி ஓராண்டு வேரூன்றியபின், அதன் கிழக்குப் பக்கத்தில், அதாவது பிற்பகல் நிழல் விழும் இடத்தில், இவற்றைச் சேருங்கள்.

சூரை: வளைந்த முள்ளுள்ள படர்புதர். சிறிய கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவியும் நரியும் உண்ணும். நடைபாதைக்குப் பத்தடி தள்ளியே வையுங்கள். முள் ஆடையைப் பற்றினால் விடாது.

களா: வெண்மையான மணமுள்ள பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும், பழம் மனிதருக்கும் பறவைக்கும் பொது.

காரை: மெதுவாக வளரும், ஆயினும் முந்திரிக் காட்டு மண்ணுக்கு நெடுங்காலப் பழக்கமுள்ளது.

ஆவாரை: வறண்ட மாதங்களிலும் மஞ்சள் பூ, இதன் இலையில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும்.

உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலத்தையும் ‘பசுமையாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவைக்காதீர்கள். கன்றுகளாக இருக்கும்போதே மழைக்குப் பின் ஈரமண்ணில் வேரோடு எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே பெரிய புதராகப் பறவை கூடு வைத்திருந்தால், விராலி மார்பளவு உயரும்வரை பொறுத்து, பகுதி பகுதியாக நீக்குங்கள். ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் அங்கே குடியிருந்தவற்றுக்குப் போக்கிடம் இராது.

மெய்ப் பாதுகாப்பு

காட்டுயிருக்கு வீடு கட்டிக் கொடுத்தால் பாம்பும் அங்கே வரும். அதற்கும் அங்கே உரிமை உண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வறண்ட புதர்நிலத்துக்கு உரியவை. ஆகையால் வீட்டு வாசலிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் புதர்க் கூட்டத்தை முப்பது அடியாவது தள்ளி வையுங்கள். சருகில் கைவிடுமுன் கோலால் தட்டுங்கள். கணுக்கால் மூடிய காலணி அணியுங்கள். இரவில் விளக்கின்றிப் போகாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீமையே செய்யும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

விராலியின் பிசின் கலந்த காய்ந்த கிளை எளிதில் தீப்பற்றும். கூரை வீட்டை ஒட்டியோ வைக்கோற்போருக்கு அருகிலோ வேலி போட வேண்டாம். கோடையில் புதரைச் சுற்றி நான்கடி அகலம் புல்லைச் செதுக்கி வையுங்கள். சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் இலையை வைத்துக் கட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு. ஆனால் உள்ளுக்கு எதையும் அருந்திப் பார்க்காதீர்கள்.

கத்தரித்தலும் அதன் பிறகும்

முதல் ஆண்டு, செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் அடியில் கிளை பெருகும். பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை, விதை உதிர்ந்து முடிந்தபின், நீண்ட கிளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வெட்டலாம். இலையே இல்லாத முதிர்ந்த கட்டைவரை வெட்டினால் சில செடிகள் துளிர்க்காமல் நின்றுவிடும். வெட்டுமுன் கூடு இருக்கிறதா என்று கிளைகளை விலக்கிப் பாருங்கள்; இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அரிவாளை உறையிலேயே வையுங்கள். வெட்டிய கிளையைக் கொளுத்தாமல் சரிவின் குறுக்கே அடுக்கினால் மண்ணையும் விதையையும் பிடித்து நிறுத்தும்.

மூன்றாம் அல்லது நான்காம் மழைக்காலத்தில், தாய்ச்செடியின் அடியிலும் பிறைவரப்பின் ஓரத்திலும், நீங்கள் விதைக்காத நாற்றுகள் எழும். முதல் இரண்டு இலைகளில் அவற்றைக் களையென்று நினைத்துச் செதுக்கிவிடுவது எளிது. ஆகையால் கார்த்திகை பிறந்ததும் களைக்கொட்டை ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து பார்த்து, பிசுபிசுக்கும் சிறு இலை தென்பட்ட இடத்திலெல்லாம் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள்.